கொடுமணல் மண்ணும் கரிக் கணக்கும்

(நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது குல வரலாற்றை ஒரு நூலாக்கி வெளியிடுதல் வேண்டும் என்னும் எண்ணம் சங்கத்தாரிடையே எழுந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அது போற்றத்தக்க எண்ணமேயாகும். முன்னோரை அறியாத குடி, வேர் அறியாத மரத்தை ஒக்கும். எனினும், அந்நூலின் முதல் அத்தியாயம் கொடுமணலிலிருந்து தொடங்கவேண்டும் என்றும், அங்கே கிடைத்தனவெல்லாம் நம்மவர் ஆக்கியனவே என்று அதில் எழுதவேண்டும் என்றும் அன்பர் சிலர் விழைகின்றனர். ஆகலின், கொடுமணலின் காலத்தை அறிஞர் எவ்வாறு அறிந்தனர், அவ்வறிவு எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பனவற்றை இன்று உங்கள்முன் எடுத்துரைக்கக் கருதினோம்.

கொடுமணல் என்பது ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் உள்ள சிற்றூர். காஞ்சிமாநதி என்று நம் முன்னோர் வழங்கிய அந்நொய்யலின் கரை வழியாகவே, பண்டு சேரர் தலைநகராகிய கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் நோக்கி வணிகச் சாத்துக்கள் சென்றன. மேலைக் கடற்கரையில் முசிறித் துறைக்கு அவ்வழி சென்று சேர்ந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரில் உரோமர் காசுகள் கிடைத்ததும் அவ்வழியின் பெருமையினாலேயாம். பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய ஏழாம் பத்தும், அரிசில்கிழார் பாடிய எட்டாம் பத்தும் கொடுமணம் என்றொரு ஊரைக் கூறுகின்றன. அவ்வூரில் ஆக்கப்பட்ட வேலைப்பாடு மிக்க அணிகலன்கள் பிற்கூறிய பத்தில் சிறப்பிக்கப்படுகின்றன. அக்கொடுமணமே இக்கொடுமணல் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

ஏட்டில் இருந்த அப்பெயரை மண்ணில் தேடிய வரலாறும் நெடிது. 1985-ஆம் ஆண்டு முதல் 1990 வரை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தனர். பேராசிரியர் எ. சுப்பராயலு அவர்களும் பேராசிரியர் கா. இராசன் அவர்களும் அப்பணியில் ஈடுபட்டோருள் முதன்மையானவர்கள். பின்னர் 1997-98-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையாரும், 2012, 2013-ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கா. இராசன் அவர்களும் மீண்டும் அகழ்ந்தனர். அங்கே வெளிப்பட்டவை இரும்பை உருக்கிய உலைகள், மணிகளை அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடங்களின் எச்சங்கள், சங்கறுத்த துண்டுகள், கல்வட்டங்கள் சூழ்ந்த ஈமக் குழிகள், பெயர் பொறித்த பானை ஓடுகள் எனப் பலவாம். ஒரே ஈமக்குழியில் 2,000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன என்றால் அவ்வூரின் செல்வத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். படியூரின் பச்சைக்கல்லும், சிவன்மலையின் நீலக்கல்லும், சென்னிமலைப் பக்கத்து இரும்புத்தாதும் அவ்வூர்த் தொழிலாளர்க்கு அண்மையிலேயே கிட்டின. சூதுபவளமோ குசராத்து முதலிய வடபுலத்திலிருந்து வந்தது.

இவையெல்லாம் எக்காலத்தன என்பதே வினா. பானை ஓட்டில் உள்ள எழுத்து அசோக மன்னன் கல்வெட்டு எழுத்தை ஒத்திருத்தலின், அசோகன் காலமாகிய கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டதே தமிழ் எழுத்து என்று அறிஞர் பலர் நெடுங்காலம் கொண்டிருந்தனர். எழுத்தின் வடிவைக் கொண்டு காலங்கூறுவது, ஒருவனுடைய நடையைக் கொண்டு அவன் அகவையைக் கூறுவது போன்றது. அனுபவமுடையோர் பெரும்பாலும் சரியாகவே கூறுவர். ஆயினும் அது மதிப்பீடேயன்றி அளவை ஆகாது. அளவையைத் தந்தது கரிக் கணக்கு.

அதன் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். விண்ணிலிருந்து இடையறாது பொழியும் கதிர்கள் வானின் மேற்பரப்பிலுள்ள காற்றைத் தாக்குகின்றன. அத்தாக்குதலால் நைட்ரசன் அணுக்களில் சில, கரியணுவின் ஒரு வகையாக மாறுகின்றன. சாதாரணக் கரியணுவின் எடை எண் 12. இவ்வகையின் எடை எண் 14. இஃது எப்போதும் நிலைத்திராது. சிறிது சிறிதாகச் சிதைந்து மீண்டும் நைட்ரசனாகிவிடும். காற்றிலுள்ள கரியில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி அணுவுக்கு ஒன்று என்னும் அளவிலேயே இது கலந்துள்ளது. செடி கொடிகள் காற்றை உண்டு வளர்வதாலும், விலங்குகளும் மக்களும் அச்செடிகளை உண்டு வாழ்வதாலும், உயிருள்ள எல்லாவற்றினுள்ளும் அந்த விகிதமே நிலவுகிறது. உயிர் நீங்கியதும் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டுமே நடக்கிறது. வரவற்ற களஞ்சியத்தில் எஞ்சிய நெல்லை அளந்து, கதவடைத்த நாளைக் கூறுவது போன்றதே இக்கணக்கு.

ஆயின், செலவாகும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. 5,730 ஆண்டுகளில் இவ்வணுக்களில் பாதி அழிகின்றன. அடுத்த 5,730 ஆண்டுகளில் எஞ்சியது முழுதும் அழிவதில்லை. எஞ்சியதில் பாதியே அழிகிறது. 2,300 ஆண்டுகட்கு முன் அறுத்த ஒரு நெல்மணியில், தொடக்கத்தில் இருந்த அளவில் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பங்கு இன்றும் இருக்கும். ஏறத்தாழ 50,000 ஆண்டு கடந்த பொருளில் எஞ்சுவது அளத்தற்கரிய சிற்றளவாகிவிடுதலின், அதற்கு அப்பாற்பட்ட பழமைக்கு இம்முறை பயன்படுவதில்லை.

இம்முறையைக் கண்டவர் அமெரிக்க நாட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்து வில்லர்டு லிபி என்பவர். 1949-இல் அவரும் அவருடைய துணைவரும் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர் செய்த முதற்செயல் நாம் கருதத்தக்கது. காலம் அறியாத பொருளை எடுத்துக்கொண்டு அவர் தொடங்கவில்லை. எகிப்து நாட்டு ஜோசர் மன்னன் கல்லறை மரம் போன்ற, காலம் முன்பே அறியப்பட்ட பொருள்களை அளந்து, தம் கணக்கு அவற்றோடு பொருந்துகின்றதா என்று முதலில் பார்த்தார். பொற்கொல்லர் தம் தராசைத் தெரிந்த எடையிட்டுச் சோதிப்பதைப் போல, தம் முறையையே அவர் சோதனைக்கு உட்படுத்தினார். 1960-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில், அணுக்களை விரைவுபடுத்தி நேரே எண்ணும் முடுக்குப் பொறிகள் இத்துறையில் புகுந்தன. அதன்பின் ஒரு நெல்மணி அளவான பொருளே சோதனைக்குப் போதியதாயிற்று.

இனிக் கொடுமணலுக்கு வருவோம். அங்கிருந்து எடுத்த ஐந்து மாதிரிகள் முடுக்குப் பொறியால் அளக்கப்பட்டன. தரையிலிருந்து 15 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 200, 60 செ.மீ. ஆழத்தது கி.மு. 275, 65 செ.மீ. ஆழத்தது கி.மு. 300, 80 செ.மீ. ஆழத்தது கி.மு. 330, 120 செ.மீ. ஆழத்தது கி.மு. 408 எனக் காலம் கிடைத்தது. ஆழம் கூடக்கூடப் பழமையும் கூடுகின்றது. ஓரிடத்திலும் முறை மாறவில்லை. ஒரே காலம் மட்டும் கிடைத்திருந்தால், எலி வளையின் வழியாகவோ, மரவேரின் வழியாகவோ மேலை மண்ணின் பொருள் கீழே விழுந்ததோ என்று ஐயுறலாம். ஐந்தும் வரிசைப்பட நிற்கும்போது அவ்வையம் பெரிதும் குன்றுகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அப்பழமொழி அடுப்பங்கரைக்கு ஏற்றது, அகழ்குழிக்கு ஏலாது. பழனிமலை அடிவாரத்துப் பொருந்தலில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் கா. இராசன் அவர்கள் அகழ்ந்தபோது, ஓர் ஈமக்குழியில் நான்கு கால்களையுடைய சாடி ஒன்றில் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அக்குழியிலேயே தமிழ் எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி ஒன்றும் இருந்தது. அந்நெல்லை அமெரிக்க நாட்டு பீட்டா ஆய்வுக்கூடத்தில் அளந்ததில் கி.மு. 490 என்று காலம் வந்தது. செய்தி வெளிவந்தபோது எழுத்தாராய்ச்சி வல்லுநர் சிலர், ஒரு சான்றைக் கொண்டு துணிதல் ஆகாது என்று எச்சரித்தனர். அவர்கள் தமிழின்பால் அன்பற்றவர்கள் அல்லர். தமிழுக்கே வாழ்நாளைச் செலவிட்டவர்கள். அதன் பின்னரே பொருந்தலின் மற்றொரு குழி நெல்லும் அளக்கப்பட்டுக் கி.மு. 450 என்று வந்தது. கொடுமணலின் ஐந்து காலங்களும் வந்தன. ஈழத்து அநுராதபுரத்திலும் எழுத்துப் பொறித்த ஓடுகள் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கில் இருந்தமை கரிக் கணக்காற் கண்டது. மதுரையை அடுத்த கீழடியில் 2018-இல் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 எனக் காட்டிற்று. இவ்வாறு பலவிடத்துச் சான்றுகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தபோதுதான், அசோகனுக்கு முன்பே தமிழர் எழுதினர் என்னும் கூற்று வலிமை பெற்றது. எச்சரித்தவர்களின் தடையே அவ்வலிமைக்குக் காரணமாயிற்று என்பதை நாம் மறத்தல் கூடாது.

இனி இக்கணக்கின் எல்லைகளைக் காண்போம். முதலாவது, ஆய்வுக்கூடத்தார் தரும் எண் ஒற்றை ஆண்டன்று. முன்னும் பின்னும் சில பல ஆண்டுகள் விலகலாம் என்னும் வரையறையோடு கூடியது. கி.மு. 408 என்றால், அவ்வாண்டு ஆடித் திங்களில் நடந்தது என்று கொள்ளுதல் நகைப்புக்கிடமாகும்.

இரண்டாவது, காற்றில் இவ்வகைக் கரியின் அளவு எல்லாக் காலத்தும் ஒரே நிலையில் இருந்ததில்லை. ஆகவே, பழமரங்களின் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்து, அறிஞர் ஒரு திருத்த அட்டவணை வகுத்துள்ளனர். அவ்வட்டவணையில் கி.மு. 800 முதல் 400 வரை உள்ள பகுதி மேட்டுநிலம் போல் தட்டையாகக் கிடக்கிறது. அப்பகுதியில் விழும் ஓர் அளவு, பல தலைமுறை அகலமுடைய ஒரு காலத்தையே சுட்டும். நம் நாட்டின் தொன்மைபற்றிய வழக்கெல்லாம் இந்தத் தட்டை நிலத்திலேயே நடப்பது ஒரு விந்தை. அதனாலேதான் ஒன்றுக்குப் பல மாதிரிகளும், மண்ணடுக்கின் வரிசையும் இன்றியமையாதன ஆகின்றன.

மூன்றாவது, அளந்ததும் உய்த்துணர்ந்ததும் வெவ்வேறு. கொடுமணலில் 120 செ.மீ.க்குக் கீழும் 65 செ.மீ. மண்ணடுக்கு உள்ளது, அதிலும் எழுத்தோடுகள் உள்ளன. ஆகவே அவ்வூரின் எழுத்து கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்குச் செல்லும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கருதுதற்கு இடமுண்டு. ஆயினும் நம் பள்ளிப் பிள்ளைகளே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை 105 செ.மீ. மண் சேர 208 ஆண்டுகள் ஆயின, ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய இரண்டாண்டு. அவ்வாறே கீழும் சேர்ந்திருந்தால், 65 செ.மீ.க்கு 130 ஆண்டாகி, கி.மு. 540-ஐ ஒட்டிச் செல்லும். ஆனால் இடையிலே பாருங்கள்: 60 முதல் 65 வரையுள்ள 5 செ.மீ.க்கு 25 ஆண்டு. அதன் மேலுள்ள 45 செ.மீ.க்கோ 75 ஆண்டே. மண் ஒரே சீராகச் சேர்வதில்லை என்பது அவ்வெண்களிலேயே தெரிகின்றது. ஆதலின் 408 என்பதை அளந்த காலம் என்றும், அதற்கு முற்பட்டதைக் கருதற்குரிய காலம் என்றும் பிரித்து எழுதுதலே நேர்மை. நமது நூலும் அவ்வாறே எழுதப்படுதல் வேண்டும்.

நான்காவது எல்லையே நமது சங்கத்திற்கு மிகவும் வேண்டியது. கரிக் கணக்கு ஓர் உயிர் எப்போது நீங்கிற்று என்பதைக் கூறும். அந்நெல்லை விளைத்தவன் எக்குலத்தான் என்பதைக் கூறாது.

அன்பர்காள்! கொடுமணல் ஓடுகளில் ஆதன் என்னும் பெயர் வருகிறது. நம் கூட்டங்களுள் ஆந்தை கூட்டம் என்று ஒன்றிருப்பது நீங்கள் அறிந்ததே. ஆதன் என்னும் பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் புணருங்கால் ஆந்தை என்றாகும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். பூதன் என்பதோடு புணர்ந்து பூந்தை என்றாவதும் அவ்விதியாலேயே. இதனைக் கண்டவுடன், இதோ நம் முன்னோன் கையெழுத்து என்று கூறிவிட நெஞ்சு துடிக்கும். தமிழ் கற்ற நமக்கும் அத்துடிப்பு இல்லாமல் இல்லை. ஆயினும் ஆராய்ந்து பாருங்கள். செல்வக்கடுங்கோ வாழியாதன் என்ற சேர மன்னன் பெயரிலும் ஆதன் உண்டு. கரூரை அடுத்த புகளூர்க் குகைக் கல்வெட்டில் ஆதன் செல்லிரும்பொறை என்ற அரசனும் உளன். பாண்டி நாட்டுக் கீழடியின் ஓட்டில் குவிரன் ஆதன் என்ற பெயரும் உண்டு. அரசனுக்கும், வேறு நாட்டானுக்கும், ஊர்ப் பொதுமகனுக்கும் பொதுவாக வழங்கிய பெயர் ஒன்றை, ஒரு கூட்டத்தின் பட்டாவாக எழுதிக்கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்? நம் கூட்டப் பெயரின் வடிவு மிகப் பழைய தமிழிலக்கணத்தைத் தழுவி நிற்பது என்று கூறலாம். அஃது உண்மை, அதுவே பெரும் பெருமை. அதற்கு மேலே, ஓட்டில் எழுதியவனுக்கும் நமக்கும் இடையே பரம்பரைக் கொடி பிடிப்பதற்கு வேண்டிய தலைமுறைச் சான்று இல்லை.

அன்றியும், அவ்வூர் ஒரு குலத்தார் மட்டுமே வாழ்ந்த ஊராகத் தோன்றவில்லை. சம்பன் சுமணன் போன்ற வடமொழிச் சாயல் கொண்ட பெயர்களும் அங்கே உள. வணிகர் குழுவைக் குறிக்கும் நிகமம் என்னும் சொல்லும் ஓட்டில் உளது. உலையில் நின்று இரும்பை உருக்கிய கொல்லன் கையும், ஊசித் துளையிட்ட மணித்தொழிலாளி கண்ணும், பானை வனைந்த வேட்கோவர் சக்கரமும், உழவன் ஏரும், சாத்தன் வண்டியும் ஒன்றுகூடியே அவ்வூரை ஆக்கின. உரோமாபுரி வரை புகழ்பெற்ற கொங்கு நாட்டுக் கற்களைப் பட்டை தீட்டியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று எந்தத் தெருவில், எந்தப் பெயரோடு வாழ்கின்றனர் என்பதை எவரே அறிவர்? நம் வீட்டுப் பண்ணையில் உழைப்பவராகவும் அவர் இருத்தல் கூடும். கொடுமணலை நமக்கே உரியது என்று வேலியிட்டால், அவர்களை அவர்தம் பாட்டன் வீட்டிலிருந்து வெளியேற்றியவர்களாவோம். வரலாறு நமக்கு வேண்டுமாயின், பிறர்க்கு உரியதைப் பிறர்க்கு விட்ட பின்னரே நமக்கு உரியதைக் கேட்கும் தகுதி உண்டாகும்.

இறுதியாக, செயலில் இறங்கவேண்டிய ஒன்றைக் கூறி அமைவோம். கொங்கு நாட்டு மேட்டுக்காடுகளில் கல்வட்டங்களும் கற்குவைகளும் பரந்து கிடக்கின்றன. பாண்டுக்குழி என்றும் பாண்டியன் வீடு என்றும் ஊர்மக்கள் அவற்றை அழைப்பர். அவற்றுள் பல நம் சங்கத்தார் பட்டா நிலங்களிலேயே உள்ளன. காட்டைச் சமன்படுத்தவும், மனையாக்கி விற்கவும், கல்லுடைக்கவும் மண்வாரி இயந்திரம் வந்து நின்றால், 2,000 ஆண்டு கலையாதிருந்த அடுக்கு ஒரு முற்பகலில் கலைந்துவிடும். கலைந்த மண்ணிலிருந்து எடுத்த கரித்துண்டுக்கும் ஆய்வுக்கூடம் ஓர் எண்ணைத் தந்துவிடும். ஆனால் அவ்வெண் எதனுடைய காலம் என்று கூற எவராலும் இயலாது. நாம் மேலே கண்ட ஐந்து காலங்களுக்கும் மதிப்பைத் தந்தது அவற்றின் ஆழம் ஒன்றே. ஆழம் தொலைந்தால் காலமும் தொலைந்தது.

ஆகவே நிலமுடையோர் மூன்று செயல்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். கல்வட்டமோ தாழியோ தென்பட்டால் தாமே தோண்டாது, கிராம நிருவாக அலுவலர்க்கும் மாவட்டத்துத் தொல்லியல் அலுவலர்க்கும் தெரிவிக்கவேண்டும். நிலத்தில் புதையுண்ட பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் ஆட்சியர்க்கு அறிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் விதித்துள்ளது. இஃது அறமும் சட்டமும் ஒன்றாக நிற்கும் இடம். இரண்டாவது, அகழ்வாளர் வந்து கேட்டால் ஒரு வெள்ளாமையை விட்டுக்கொடுத்தேனும் நிலத்தை அளித்தல் வேண்டும். மூன்றாவது, நமது குல வரலாற்று நூலுக்கெனத் திரட்டும் பொருளில் ஒரு பகுதியை, நம் வட்டாரத்துக் கல்வட்டங்கள் எங்கெங்கே உள்ளன என்று ஊர்தோறும் சென்று பதிவுசெய்வதற்கு ஒதுக்குதல் வேண்டும். பள்ளி மாணவரும் ஆசிரியரும் அப்பணிக்கு உதவ ஆயத்தமாயுள்ளனர்.

மெய்யல்லாத பெருமையை ஏட்டில் ஏற்றினால், நாளை ஒரு கரித்துண்டு அதனைப் பொய்யாக்கிவிடும். அன்று நாணுபவர் நம் பிள்ளைகளே. மெய்யை மட்டும் எழுதி, நிலத்தையும் காத்து வைத்தால், நாம் அறியாத பெருமைகளை அப்பிள்ளைகள் அம்மண்ணிலிருந்தே எடுப்பர். சங்கத்தார் இதனை ஆராய்ந்து, அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானமாக நிறைவேற்றுவார்கள் என்று நம்புகின்றோம்.